பெலிசாரியோ மில்லாப்பானைத் தப்பவிட்ட வழக்கு

அடக்கம் முடிந்த அடுத்த வியாழக்கிழமையே பெலிசாரியோ மில்லாப்பான் தன் மகனைப் பார்க்கச் சான் எலிஸோ சிறைக்கு வந்து, மற்ற கைதிகளின் சொந்தக்காரர்களோடு வரிசையில் நின்றார். ஜூன் மாதம், வழக்கம்போல மழை. புதைக்கும்போது போட்டுவிட்ட புதுச் சட்டை கழுத்துப் பித்தான்வரை போட்டபடி இருந்தது, தோளில் கல்லறை மண் ஒட்டியிருந்தது, கையில் ஒரு துணிப்பை. பையில் வறுத்த கோதுமை மாவும் ஒரு ரொட்டியும் ஒரு பாட்டில் ஆப்பிள் கள்ளும் இருந்தன. வழிச்சாப்பாட்டுக்கென்று பெட்டிக்குள் வைத்து அனுப்பியவை. வாசலில் இருந்த காவலர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டை இன்னும் காலாவதியாகவில்லை. முகமும் படமும் ஒத்துப்போயின. சொல்லப்போனால் படத்தைவிட ஆள் நேரில் கொஞ்சம் பரவாயில்லை, யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள். ரொட்டியைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். கள்ளைப் பறிமுதல் செய்தார்கள். நாடி பார்க்கச் சொல்லி விதிகளில் எங்கும் இல்லாததால் நாடி பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மகன் அனிசேத்தோ உள்ளே வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. மலையில் பைன் நட்டு வெட்டி விற்கும் காட்டு நிறுவனத்தின் மர லாரிகள் எரிந்தது உண்மை. எரித்தது யார் என்பதில் அரசுக்குச் சந்தேகமே வரவில்லை: இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான எங்கள் மப்புச்சேக்காரர்களில் எவன் கூட்டத்தில் எழுந்து, இந்த மலை எங்கள் பாட்டன்மாருடையது, பைன் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போங்கள் என்று பேசினானோ அவன்தான். சாட்சிக்கும் பஞ்சமில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, இயந்திரத்தில் குரலை மாற்றிக்கொண்டு ஒருவர் சாட்சி சொன்னார். முகமூடி போட்ட ஒருவனை, இருட்டில், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் நின்று, நடையை வைத்தே கண்டுபிடித்த மனிதர் அவர். அப்பேர்ப்பட்ட கண் உள்ளவரை ஊர் ஊராக அழைத்துப்போய் மாலை போட்டிருக்க வேண்டும். அரசு என்ன காரணத்தாலோ அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் அனிசேத்தோவுக்குப் பதினெட்டு வருஷம் கிடைத்தது. அந்த நான்கு வருஷத்தில் அவன் அக்கா எதெல்மிரா ஒரு வியாழக்கிழமைகூடத் தவறாமல் வந்தாள். அப்பா ஒரு தடவைகூட வரவில்லை.

அப்பா செத்துப்போன செய்தி வந்ததும் அனிசேத்தோ பரோல் கேட்டு மனுப் போட்டான். பூர்வகுடிக் கைதிகளின் பழக்கவழக்கங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. எங்கள் அரசு அதில் விருந்து வைத்து, படம் பிடித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறது. மனுவில் அதைச் சுட்டிக் காட்டியிருந்தான். சிறை அதிகாரி மேஜர் உர்ருத்தியா உடன்படிக்கையை அப்படியே மதித்து நடந்தார். பழக்கவழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார், பிறகு மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆபத்தான கைதி என்று காரணம் எழுதி, கீழே அச்சடித்த அனுதாபம் ஒன்றையும் சேர்த்திருந்தார். அதில் செத்தவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. எங்களில் ஒருவர் செத்தால் சும்மா குழியில் இறக்கிவிட முடியாது. பெட்டியின் பக்கத்தில் ஒருவர் நின்று அவர் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துச் சொல்ல வேண்டும்: யாருக்குப் பிறந்தார், எந்த ஊற்றில் தண்ணீர் குடித்தார், யாருக்குக் கை கொடுத்தார், யார் காலை வாரினார். நல்லதும் கெட்டதும் சேர்த்துத்தான். கூடியிருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'அப்படித்தான்' என்று சொல்ல வேண்டும், தப்பு வந்தால் அங்கேயே மறித்துத் திருத்த வேண்டும். சொல்லி முடித்தால் ஆள் மேற்கே கடலைத் தாண்டிப் போய்விடுவார். மகன் வர முடியாததால் ரோசமெல் குரின் என்ற பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல ஒப்புக்கொண்டார். நல்ல வாய். ஆனால் இத்தனை வருஷமாக இத்தனை பேரை அனுப்பி வைத்ததில் அவர் தலைக்குள் செத்தவர்கள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் கலந்துவிட்டார்கள். பெலிசாரியோ காட்டுக் குதிரைகளை அடக்கினார் என்றார், குதிரை ஓட்டிக்கொண்டு மலைத்தொடரைத் தாண்டி அர்ஜென்டினா போய் வந்தார் என்றார், அரசாங்கக் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாத ஆம்பிளை என்றார். பெலிசாரியோவுக்குக் குதிரை என்றாலே உதறல். ஆயுள் முழுக்க மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நடந்தே போனவர். மற்ற நாளாக இருந்தால் பத்துப் பேர் குறுக்கே விழுந்து திருத்தியிருப்பார்கள். அன்றைக்குப் பாதுகாப்புக்கென்று காவல்துறை அனுப்பிய ஹெலிகாப்டர் ஒன்று கல்லறை மேட்டின்மேலேயே சுற்றிச் சுற்றி வந்ததில், ரோசமெல் சொன்னது யார் காதிலும் விழவில்லை. உதடு அசைவதைப் பார்த்து எல்லாரும் 'அப்படித்தான்' என்றார்கள்.

"யாரோ ஒரு குதிரைக்காரனை அனுப்பி வெச்சுட்டாங்கடா," என்றார் பெலிசாரியோ, சந்திப்பு அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "அவன் சௌக்கியமாப் போய்ச் சேந்துட்டான். நான் மூடியைப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கிடக்கேன்."

அனிசேத்தோவுக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம்தான். "உசுரோட இருந்தப்ப நாலு வருஷமா வழி தெரியல. இப்பத்தான் உங்களுக்கு பஸ் கெடச்சுதா?"

"உசுரோட இருந்தப்ப வெக்கமா இருந்துச்சு. செத்ததும் மொதல்ல போறது அதுதான்."

மகன், வாழ்க்கைதானே, இங்கேயே சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றான். கிழவர் சுவரோரம் நின்ற காவலரைப் பார்த்தார்.

"இவனா 'அப்படித்தான்'னு சொல்லப் போறான்? மூக்கு நோண்டவே அவனுக்கு நேரம் பத்தல. நம்ம மண்ணுல நின்னு சொல்லணும்டா. தெரிஞ்சவங்க நாலு பேரு திருத்தணும்."

"தைலமரக் கதையையும் சொல்லணுமா?"

பெலிசாரியோ ரொட்டியில் கம்பி போட்ட ஓட்டைகளை விரலால் அடைத்துக்கொண்டிருந்தார். "அத விட்டா இன்னொரு தடவ வேற எவனையாவதுதான் அனுப்புவ," என்றார்.

அனிசேத்தோ மறுபடி மனுப் போட்டான். இந்தத் தடவை மேஜர் உர்ருத்தியா அவனை நேரிலேயே கூப்பிட்டு, உட்கார வைத்து, வருகைப் பதிவை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். நிதானமான மனிதர். கோபமே வராது.

"அப்பா செத்துட்டார்ங்கற. போன வியாழன் வந்திருக்கார். அதுக்கு முந்தின வியாழனும் வந்திருக்கார். அவர் கையெழுத்துதான இது? நான் எதத்தான் நம்பறது?"

"ரெண்டையும் நம்புங்கய்யா."

"அரசாங்கத்தால ஒரு நேரத்துல ஒண்ணத்தான்ப்பா நம்ப முடியும்."

"அப்ப அவர உள்ள விடாதீங்க."

மேஜரின் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "பெத்த அப்பனையும் மகனையும் பிரிக்கச் சொல்றியா? அது மனித உரிமை மீறல். எங்கள என்னன்னு நெனச்ச நீ?"

இதனால் எதெல்மிராவின் அலைச்சல் ஆரம்பித்தது. அவள் இறப்புச் சான்றிதழோடு நீதிமன்றம் போனாள். நீதிமன்றம் சிறையைக் கேட்டது. சிறை, பார்வையாளர் நலமாக இருக்கிறார், போன வாரம் வரிசையில் கொஞ்சம் தள்ளுமுள்ளுகூடச் செய்தார் என்று பதில் எழுதியது. நீதிமன்றம் பதிவு அலுவலகத்தைக் கேட்டது. பதிவு அலுவலகம், எங்கள் கணக்கில் செத்தவர் செத்தவர்தான், அவர் உயிரோடு இருக்க விரும்பினால் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம் என்றது. இரண்டு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று எழுதித் தீர்த்துக்கொள்ளும்படி நீதிபதி உத்தரவிட்டார். அவை இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கின்றன. பெட்டிக்கு மேலே போட்ட மண்ணைப் பெலிசாரியோ ஒவ்வொரு வியாழக்கிழமையும் விலக்கிக்கொண்டு வருவதும், சாயங்காலம் எதெல்மிரா போய்த் திரும்பவும் போட்டு மிதிப்பதும் வழக்கமாகிவிட்டது. அவளுக்கு முதுகு வலிதான் மிச்சம்.

இதற்கிடையே கிழவர் தேய ஆரம்பித்தார். அனுப்பி வைக்கப்படாதவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோவார்கள். கடைசியில் பெயரையும் மறந்து, எவன் கூப்பிட்டாலும் அவன் பின்னால் போகிற ஆவியாகிவிடுவார்கள். எங்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. பெலிசாரியோ முதலில் மறந்தது ஸ்பானிஷ் மொழி. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. ஸ்பானிஷில் பேசினால்தான் சந்திப்பு என்று காவலர் மிரட்டிப் பார்த்தார், கிழவர் சிரித்துக்கொண்டே தாய்மொழியில் அவரைத் திட்டினார். பிறகு ஆட்டுக்கிடாக்களின் பெயர் போயிற்று. பிறகு செத்துப்போன மனைவியின் பெயர். ஆகஸ்டில் வரிசையில் நிற்கும்போது மழை அவர் மேல் வழியாமல் அவருக்குள் புகுந்தது, உள்ளே வந்து உட்கார்ந்ததும் நாற்காலியை நனைத்தது. ஒரு வியாழக்கிழமை மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர் வெகுநேரம் மகன் முகத்தையே பார்த்துவிட்டு, மரியாதையோடு, "நீங்க எந்த ஊருப்பா?" என்று கேட்டார். அனிசேத்தோ, கில்மாவே என்றான். "அட, நம்ம ஊருதான்," என்று சந்தோஷப்பட்டார் கிழவர். அன்றைக்கு அறைக்குத் திரும்பிப் போன அனிசேத்தோ அழுதான். நான்கு வருஷத்தில் அவன் அழுதது அப்போதுதான்.

அவனுக்குப் பரோல் கிடைத்தது உடன்படிக்கையால் இல்லை, இரக்கத்தாலும் இல்லை. மற்ற மப்புச்சே கைதிகளுக்கும் செத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் பரோல் மறுக்கப்பட்டிருந்தது, சான் எலிஸோ சிறையில் பார்க்க விடுகிறார்கள் என்ற செய்தி மண்ணுக்கடியில் பரவிவிட்டது. அம்மாக்கள் வந்தார்கள், மாமன்கள் வந்தார்கள், ஒருவருக்குப் பிறந்து மூன்று மாதத்தில் போன மகள் வேறு யாரோ செத்தவரின் இடுப்பில் உட்கார்ந்து வந்தாள். வரிசை தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு சந்தைவரை நீண்டது. பூசணி வடை விற்கிற அம்மாள், இதுகள் வாங்கவும் மாட்டேன் என்கின்றன, வாசனை பிடித்துக்கொண்டு நகரவும் மாட்டேன் என்கின்றன என்று முனிசிபாலிட்டியில் புகார் கொடுத்தாள். சிறைக் காவலர் சங்கம், இறந்தவர்களைச் சோதனை போடுவதற்குத் தனிப் படி கேட்டு வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. அதன்பிறகு தலைநகரத்திலிருந்து பதில் வர நேரமே ஆகவில்லை. கூட்ட நெரிசலைக் குறைக்கும் நோக்கத்தோடு, கைதி அனிசேத்தோ மில்லாப்பான் ஒரு குடும்பக் காரியத்துக்காக ஒரு மணி நேரம் வெளியே அழைத்துச் செல்லப்படலாம். ஈமச்சடங்கு என்ற வார்த்தை உத்தரவில் எங்கும் இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது அப்படி எழுதுவது நாகரிகமில்லை அல்லவா.

அடுத்த வியாழக்கிழமை காலை இரண்டு கவச வண்டிகளும், ஒரு கைதி வண்டியும், முப்பது ஆயுதப்படைக் காவலர்களும், முன்பு வந்த அதே ஹெலிகாப்டரும் கில்மாவேக்குப் புறப்பட்டன. சந்திப்பு நாள் என்பதால் பெலிசாரியோவும் வந்து கையெழுத்துப் போட்டு உள்ளே போயிருந்தார். மகனை வண்டியில் ஏற்றியபோது அவரும் பின்னாலேயே ஏறிக்கொண்டார். போகிறவர்கள் இரண்டு பேர் என்று வாசல் காவலர் குறித்துக்கொண்டார். வண்டிக்குள் அவர்களோடு உட்கார்ந்தது சார்ஜென்ட் ஞங்குபில். பெயரைப் பார்த்தாலே தெரியும், அவரும் எங்கள் ஆள்தான். எங்களைக் கண்காணிக்க எங்களையே வேலைக்கு எடுப்பதில் அரசு ஒருபோதும் பாகுபாடு காட்டியதில்லை. கிழவர் அவரைப் பார்த்து, "தம்பி, உங்கப்பா பேரு என்ன?" என்று ஆரம்பித்தார். சார்ஜென்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லறை மேட்டில் ஊரே கூடியிருந்தது. அனிசேத்தோவின் கை விலங்கைக் கழற்ற மேஜர் உர்ருத்தியா அனுமதிக்கவில்லை. சொல்வதற்கு வாய் போதும் என்றார். பெலிசாரியோ தன் குழிக்குள் இறங்கி, மூடியைக் கழற்றி வைத்த பெட்டியில் படுத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஹெலிகாப்டர் மேலே சுற்றியது. அனிசேத்தோ தொண்டை கிழியக் கத்தித்தான் தொடங்க வேண்டியிருந்தது: அப்பாவின் பாட்டன் பெயர், வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்து துரத்திய வருஷம், சின்ன வயசில் குதிரை தூக்கி எறிந்தது, அதிலிருந்து குதிரை இருக்கிற பக்கமே போகாதது. ஜனங்கள் சிரித்தார்கள், 'அப்படித்தான்' என்றார்கள். பெலிசாரியோவின் கால்கள் மறைந்துபோயின. கல்யாணம், ஏமாற்றி விற்ற நொண்டி மாடு, அந்தப் பணத்தில் எதெல்மிராவுக்கு வாங்கிய செருப்பு. 'அப்படித்தான்.' இடுப்புவரை போயிற்று. அங்கே வந்ததும் அனிசேத்தோ நின்றுவிட்டான். மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது, வண்டியில் ஏற்றுங்கள் என்றார்.

சார்ஜென்ட் ஞங்குபில் ஓரடி முன்னால் வந்து சல்யூட் அடித்தார். "ஐயா, இப்ப நிறுத்தினா மேல்பாதி ஆளு நம்மகூட வண்டியில திரும்பி வருவாரு. அவர எந்தக் கணக்குல ஏத்தறது?"

மேஜர் யோசித்தார். பாதி மனிதருக்கான விதி எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை. இன்னும் பத்து நிமிஷம் என்றார். சார்ஜென்ட் அவரைக் கேட்காமலே வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார், ஹெலிகாப்டர் ஆற்றுப்பக்கம் போய்விட்டது. மேட்டில் சத்தம் அடங்கியது.

அந்த அமைதியில் அனிசேத்தோ சொன்னான். காட்டுத்துறை ஆட்கள் இலவசமாகத் தைலமரக் கன்று கொடுத்தபோது அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார், ஊற்றுக்கு மேலே சரிவில் நட்டார், சில வருஷத்தில் ஊற்று வற்றியது, கீழே இருந்த மூன்று வீடுகளுக்கும் தண்ணீர் இல்லாமல் போயிற்று. நான் கோடாலி எடுத்து அந்த மரங்களை வெட்டினேன். அப்பா என்மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். என் பெயரில் போலீஸ் எழுதிய முதல் காகிதம் அதுதான். லாரி எரிந்த மறுநாள் அவர்கள் எடுத்துப் பார்த்ததும் அதைத்தான். என்னை உள்ளே வைக்க ஆரம்பித்து வைத்தது என் அப்பா. சொல்லிவிட்டு அவன் குழிக்குள் பார்க்காமல் நின்றான். முதலில் எதெல்மிரா, பின்னால் மற்றவர்கள், மெதுவாக, 'அப்படித்தான்' என்றார்கள். முப்பது காவலர்களில் நான்கைந்து பேரும் வாய் தவறிச் சொன்னார்கள். பெலிசாரியோ கழுத்துவரை போனார். தலை மட்டும் அப்படியே கிடந்தது, கண் திறந்து.

"நிறுத்துப்பா," என்றார் ரோசமெல் குரின். அவர் கூட்டத்தின் பின்னாலிருந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். "நான் அன்னிக்கித் தப்பாச் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா நீயும் முழுசாச் சொல்லல. உன்ன புடிச்சிட்டுப் போன மறுநாளையிலேர்ந்து உங்கப்பன் ரெண்டு வாளி எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போவான். விடியறதுக்குள்ள மூணு வீட்டுத் தொட்டியும் ரொம்பியிருக்கும். என் வீட்டுத் தொட்டியும்தான். ஒருத்தன்கிட்டயும் ஒரு வார்த்த சொன்னதில்ல. நாலு வருஷம். ஆத்தங்கரையில வாளியோடதான் விழுந்து செத்தான். உன்னப் பாக்க வர அவனுக்கு நேரம் ஏது?"

அனிசேத்தோவுக்கு இது தெரியாது. எதெல்மிரா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். விலங்கு மாட்டிய இரண்டு கைகளாலும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வழக்கப்படி, யாராவது திருத்தினால் வாழ்க்கையைச் சொல்பவர் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னான்: என் அப்பா தான் வற்றவைத்த வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தார், சுமந்துகொண்டே செத்தார். ஊர் முழுவதும் 'அப்படித்தான்' என்றது, சார்ஜென்ட் ஞங்குபில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பெட்டியில் ஒரு புதுச் சட்டை மட்டும் கிடந்தது. வாத்துக் கூட்டம் ஒன்று மேற்கே கடல் பக்கமாகப் போயிற்று, ஆனால் அந்த மாதத்தில் அவை தினமும் போவதுதான்.

சிறை வாசலில் வண்டி திரும்பி வந்தபோது காவலர் தன் கணக்கைப் பார்த்தார். போனது இரண்டு, வந்தது ஒன்று. சைரன் ஊதினார்கள். பார்வையாளராக உள்ளே வந்து, வெளியே போனதற்குக் கையெழுத்துப் போடாத பெலிசாரியோ மில்லாப்பான் சட்டப்படி இன்னும் சிறைக் காவலில் இருக்கிறார். காவலில் இருந்தவரைத் தப்பவிட்ட குற்றம் மகன்மேல் விழுந்தது. செத்தவரைச் செத்தவர் என்று ஒப்புக்கொண்டால் முதல் மனுவையே தள்ளுபடி செய்தது தப்பாகிவிடும் என்பதால், மேஜர் உர்ருத்தியா இதில் உறுதியாக நின்றார். சார்ஜென்ட் ஞங்குபிலைத் தெற்கே, ஆட்டு மந்தைகளைத் தவிர ஆளில்லாத ஒரு தீவுக்கு மாற்றினார்கள்.

வழக்கு வசந்த காலத்தில் நடந்தது. இந்தத் தடவை திரையும் தேவைப்படவில்லை, குரலை மாற்றும் இயந்திரமும் தேவைப்படவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"ஒத்துக்கறேங்கய்யா. அவர அனுப்பினது நான்தான்."

"இப்ப அவர் எங்க இருக்கார்?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். அடையாளங்களைக் குறிப்பிட்டு, தேடிப் பார்க்கும்படி கடற்படைக்கு ஒரு கடிதம் போயிற்று. பெலிசாரியோ மில்லாப்பான் இன்றும் தேடப்படுபவர் பட்டியலில்தான் இருக்கிறார், படம் சான் எலிஸோ தபால் நிலையத்தில் ஒட்டியிருக்கிறது. மகனின் தண்டனையில் இரண்டு வருஷம் கூடியது. பழைய பதினெட்டை எதிர்த்து அனிசேத்தோவின் மேல்முறையீடுகள் ஒவ்வொரு நீதிமன்றமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டு வருஷத்துக்கு மட்டும் அவன் மேல்முறையீடு செய்யவில்லை.